துரை யாரைக் கூப்பிட்டது

இன்று பாடாங் மைதானத்தில் புல் வெட்டியிருக்கிறார்கள், மச்சான். கடல்காற்று அந்த வாசனையைத் தூக்கிக்கொண்டு நம் சந்துக்குள் நுழைந்து, ஜன்னலை விட்டுவிட்டுப் படிக்கட்டு வழியாகவே மேலே வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த கையை அப்படியே தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பச்சைப் புல்லோடு உங்கள் கூடையின் ரொட்டி வாசனையும் சேர்ந்தால்தான் எனக்கு அது முழு வாசனை. புல் மட்டும் தனியாக வந்ததில், பாதியில் எழுந்து போய்விட்ட பேச்சு மாதிரி இருந்தது.

நீங்கள் போன பிறகு இந்த ஊரில் எத்தனையோ மாறிவிட்டது. ட்ராம் ஓடிய தெருவில் இப்போது தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஓடுகிறது. துரை குடியிருந்த மண்ணெண்ணெய்ப் பெட்டியில் நான் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டியின் ஓரத்தில் அது கடித்துக் கடித்து அரிசிப்பல் போல ஆக்கிய இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. வெங்காயம் எடுக்கப் போகும்போதெல்லாம் விரல் அங்கேதான் போய் நிற்கும்.

நான் கடல் தாண்டி இந்த மலாய் ஊருக்கு வந்து இறங்கிய வருஷம் உங்களுக்கு என்னால் பட்ட பாடு கொஞ்சமா? கடையநல்லூரில் எங்கள் வீட்டில் காலையில் தொடங்கும் தறிச் சத்தம் விளக்கு வைக்கும்வரை ஓயாது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்தவள் நான். என்னைக் கொண்டுவந்து, சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் வைத்துவிட்டு, நீங்கள் ரொட்டிக் கூடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு விடியுமுன்னே கிளம்பிவிடுவீர்கள். தெருவில் சத்தம் இல்லாமல் இல்லை. ரிக்‌ஷாக்காரன் கத்துவான், சீனக் கிழவி மீன் விற்பாள், ட்ராம் மணியடிக்கும். ஆனால் எல்லாமே வேறு யாரையோ கூப்பிடும் சத்தம். எனக்கென்று ஒரு குரல் அதில் இல்லை.

கீழே உங்கள் அக்கா இருந்தார்கள். நான் மச்சி என்று கூப்பிடுவேன். புருஷனை இழந்து, பிள்ளை இல்லாமல், தம்பிக்காகவே இந்த ஊரில் இருந்தவர்கள். நல்ல மனுஷிதான், ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. "ஊர்ல உன்ன யாரும் தண்ணி தூக்கச் சொல்லலயோ" என்பது போன்ற பேச்சுத்தான் எனக்குக் கேட்டது. அழுது அழுது ஒருநாள் உங்களிடம் சொல்லிவிட்டேன்.

"எங்க அண்ணன் நோம்புப் பெருநாள் முடிஞ்சு கப்பலேறுதாங்க. நானும் அவங்ககூடப் போறேன்."

நீங்கள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போறதுன்னா போ. ஒன்னக் கட்டி வச்சா நான் குடும்பம் நடத்தப் போறேன்" என்றீர்கள். மோர் வேண்டுமா என்று நான் கேட்குமுன்னே கை கழுவ எழுந்துவிட்டீர்கள். கோபமா வருத்தமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உங்கள் முகத்தைப் படிக்க எனக்கு அன்று அவ்வளவு பழக்கம் இல்லை.

அந்த வாரத்தில்தான் ஒரு சாயங்காலம், ரொட்டித் துணி மூடிய இரண்டு கூடைகளையும் மாடிக்கே தூக்கிக்கொண்டு வந்தீர்கள். வழக்கமாகக் கூடைகள் கீழேதான் கிடக்கும். துணியை விலக்கினால் ஒன்றில் வெள்ளை முயல். இன்னொன்றில், கறுப்பும் வெள்ளையும் செம்மண் நிறமுமாக ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஒரு உருண்டை. வால் இல்லை, கழுத்து இல்லை, இடுப்பு எங்கே என்று தேடவேண்டும்.

"நார்த்தம் ரோட்டு பங்களாவுல அந்தத் துரைசாணி ஊருக்குப் போறா. பிள்ளைங்க வளத்தது. சமையல்காரன் குடுத்தான். ஒண்ணு நமக்கு, ஒண்ணு பக்கத்து பங்களா தோட்டக்காரனுக்கு. எது வேணும்னு ஒன்னக் கேட்டுச் சொல்லுதேன்னேன்."

"எனக்கு எதுக்கு?"

"வச்சுப் பாரு. ரெண்டும் வேண்டாம்னாலும் சொல்லு, ரெண்டையும் அவன்கிட்டயே குடுத்துருவோம்."

ரெண்டும் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லாமல், அந்த உருண்டை ரொட்டித் துணியின் நூலை உருவித் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் வீட்டில் நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. மச்சி மாடிக்கு வந்து பார்த்தார்கள். கோடி வீட்டு மலாய்க்கார அம்மா முயலை "கூச்சிங் பெலண்டா" என்று சொல்லியிருக்கிறார். ஹாலந்துக்காரன் பூனை. மச்சிக்கு அது போதும். "பூனதானே, இருந்துட்டுப் போவுது. பூன வீட்டுக்கு பரக்கத்து, நல்லது பெருகும்" என்று முயலின் நெற்றியைத் தடவினார்கள். மற்றதற்கு "தீக்குஸ் பெலண்டா" என்று பெயர், அதாவது ஹாலந்து எலி. எலி என்றதும் மச்சி முகம் சுளித்தார்கள், ஆனாலும் சும்மா இருந்தார்கள். சும்மா விடாதவர் அடுத்த வீட்டுக் கிராணியார்தான். துறைமுக ஆபீசில் இங்கிலீஷில் எழுதுகிற மனிதர், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். கீழே வாசலில் நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு காட்டியபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுக்கு இங்கிலீஷ்ல கினி பிக்னு பேரு பாய்."

"பிக்னா?" என்று மச்சி உள்ளிருந்து கேட்டார்கள்.

ஒருவர் தன்னிடம் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் அந்த மனுஷன் முன்பின் யோசிக்கவில்லை. "பன்னிம்மா" என்றார்.

அதோடு போயிற்று. மச்சி கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, அதே கையால் அதன் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றியதை நினைத்துக் கையைக் கழுவினார்கள், திரும்பவும் கழுவினார்கள். நீங்கள் வாதாடினீர்கள். "அக்கா, அதுக்குக் குளம்பு இருக்கா பாரு. புல்லுதானே திங்குது. வெள்ளக்காரன் கண்ணத் தொறக்காம பேரு வச்சதுக்கு இது என்ன செய்யும்?"

"பேருன்னா பேருதான். அது மாடியில இருக்கிற வர நான் அந்தப் படியில காலு வைக்க மாட்டேன். முயல வச்சுக்கிடு, பன்னிய அனுப்பு."

கிராணியார் அன்றிலிருந்து ஒரு வாரம் நம் வாசலைத் தாண்டும்போது வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டே போனார். பாவம், நல்ல மனிதர்.

அன்று மாடிக்கு வந்து அதை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் எனக்கு ஒரு பாடம் நடத்தினீர்கள். "மலாய்க்காரங்க ஹாலந்துங்காங்க. வெள்ளக்காரன் கினின்னு வேற எதோ ஊரச் சொல்லுதான். நம்மாளு சீமைப் பெருச்சாளிங்கான். ஒருத்தராச்சும் இது எங்க ஊர்னு சொல்லுதாங்களா பாத்தியா?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஒன்ன மாதிரி" என்றீர்கள்.

"என்னையப் பெருச்சாளியோட சேக்குதீயளோ?" என்று நான் பாயை உதறிப் போட்ட வேகத்தில் முயல் பயந்து பெட்டிக்குள் பதுங்கியது. நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை, அதாவது உங்களுக்குத் தெரியும்படி சிரிக்கவில்லை. பங்களாவிலிருந்து வந்ததால் அதற்கு துரை என்று நீங்கள் பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

ஆனால் என் மனம் முயல் பக்கம்தான் இருந்தது. ஒன்றை வைத்துக்கொள்வதாக இருந்தால் முயல் என்று முதல் நாளே நினைத்துவிட்டேன். எவ்வளவு அழகு அது! காதுக்குள் ரோஜா நிறம், வெயில் பட்டால் நரம்பு தெரியும். மடியில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். நீங்கள் போனதும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பேச ஆரம்பிப்பேன். ஊரைப் பற்றி, என் உம்மாவைப் பற்றி, மச்சியைப் பற்றி. அது மூக்கை ஆட்டிக்கொண்டு கேட்கும். ஒரு நாள், இரண்டு நாள். பிறகு எனக்கு உறைத்தது, முயலுக்குக் குரலே இல்லை. எவ்வளவு சொன்னாலும் அந்த மூக்குத்தான் ஆடும். ஏற்கெனவே வாயைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு, அதே மாதிரி இன்னொன்று துணைக்கு வந்திருந்தது. நான் பேச்சை நிறுத்தியதும் அந்த அறை முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

துரையை நான் கவனித்ததே அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம்தான். அஸர் தொழுகை முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். விசில் அடித்த மாதிரி, கீ... கீ... என்று மூச்சு விடாமல். எங்கேயாவது காலை மாட்டிக்கொண்டதோ என்று பதறி ஓடினால், முன்கால் இரண்டையும் பெட்டி ஓரத்தில் வைத்து நின்றுகொண்டு படிக்கட்டைப் பார்த்துக் கத்துகிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் கீழ்ப்படியில் உங்கள் மரக்கட்டைச் செருப்பின் சத்தம் வந்தது. கையில் கூடை, கூடையில் பாடாங் ஓரத்தில் அறுத்த புல்.

மறுநாளும் அதே மாதிரி. அதற்கு மறுநாள் நான் பாயைச் சுருட்டிவிட்டு, அது கத்துவதற்காகக் காத்திருந்தேன். கத்தியதும் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். முகத்தைத் துடைத்தேன், கலைந்த முடியை ஒதுக்கினேன், அழுத கண் தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். அது சத்தம் போடுவதற்கும் உங்கள் தலை படியில் தெரிவதற்கும் நடுவில் ஒரு சின்ன நேரம் இருக்கும். இந்த ஊரில் முதன்முதலாக எனக்குச் சொந்தமானது அந்த நேரம்தான், மச்சான். வருகிறவர் வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிகிற நேரம்.

இரண்டில் ஒன்றை வாங்கிப்போகத் தோட்டக்காரன் வர இருந்த நாளுக்கு முந்தின நாள் அண்ணன் வந்து, துணிமணி எல்லாம் கட்டியாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனார். என் துணி கொடியிலேயே கிடந்தது. சாயங்காலம் துரை கூப்பிட்டது. துரை கூப்பிட்டது. தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"முயல் போவட்டும்."

நீங்கள் குடிக்கவில்லை. "போவட்டும்னா, ஒன்கூடயா?"

"தோட்டக்காரன்கூட."

அவ்வளவுதான் பேசினோம். நீங்கள் கோப்பையோடு எழுந்து போய் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். தோளில் கிடந்த ரொட்டித் துணியால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தீர்கள். "என்ன வேக்காடு இன்னைக்கு" என்றீர்கள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உங்கள் முதுகைப் படிக்கத் தெரிந்தது.

மச்சி சொன்னபடியே செய்தார்கள். அதன் பிறகு மாடிக்கு வரவே இல்லை. கீழ்ப்படிக்குப் பக்கத்தில் நின்று, "ஏ புள்ள, கீரை ஆஞ்சாச்சா" என்று குரல் கொடுப்பார்கள். குழம்புக் கிண்ணத்தைப் பாதிப் படியில் கையை நீட்டி வைப்பார்கள், கால் மட்டும் தரையில் இருக்கும். நாள் போகப் போகச் சண்டை போய்விட்டது, சிரிப்பும் பேச்சும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் படி மட்டும் ஏறவில்லை. பிடிவாதத்தில் உங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் குறைந்தவர்கள் இல்லை.

நமக்குள் ஒரு வழக்கு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் சொல்வேன், "துரை ஒங்க காலடியக் கண்டுபிடிச்சிருதாரு. வேற யாரு வந்தாலும் வாயத் தொறக்க மாட்டாரு." நீங்கள் சிரிப்பீர்கள். "என் காலடியா? கூடை கிறீச்சுன்னு சொல்லுதுல்ல, உள்ள புல்லு இருக்குதுல்ல, அதக் கூப்பிடுதாரு. என்னைய அவரு எதுக்குக் கூப்பிடணும்?"

"அப்ப ஒரு நாளைக்குக் கூடையக் கீழ வச்சுட்டு வாங்க. பாப்போம்."

"வேணாம். நீ தோத்துருவ. அப்புறம் ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறு கிடைக்காது."

எத்தனை தடவை கேட்டிருப்பேன். நீங்கள் ஒரு தடவைகூட அந்தப் பந்தயத்துக்கு வரவில்லை. அதைவிட, ஒரு நாள்கூடக் கூடை இல்லாமல் மாடி ஏறவில்லை. பெருநாள் தொழுகைக்குப் போய்விட்டு, புதுச் சட்டையும் அத்தர் மணமுமாக வருவீர்கள், கையில் அந்தப் பழைய கூடை. ரொட்டி வியாபாரத்துக்கே போகாத நாளிலும் எங்கேயாவது போய் ஒரு பிடி புல் கொண்டுவருவீர்கள். தெருவில் வெள்ளம் ஓடிய நாளில் முழங்கால் வரை நனைந்து, கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். உள்ளே நாலைந்து கங்கோங் கீரைத் தண்டு. துரை கத்தும். நான் ஜெயித்த மாதிரி உங்களைப் பார்ப்பேன். "சரிம்மா, என்னையத்தான் கூப்பிடுதாரு" என்று தோற்றவர் போலத் தலையை ஆட்டுவீர்கள். புல் மேல் இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு கிறுக்கா என்று நினைத்திருக்கிறேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

காய்ச்சல் வந்தபோது மாடி ஏற முடியாமல் கீழே மச்சி வீட்டுக் கட்டிலில்தான் கிடந்தீர்கள். நான் கீழேயும் மேலேயுமாக அலைந்தேன். நினைவு தெளிந்திருந்த ஒரு மத்தியானம், "மேல துரை சத்தம் போடுதாரா?" என்று கேட்டீர்கள்.

"நீங்க ஏறி வாங்க, போடுவாரு" என்றேன்.

"வாரேன்" என்றீர்கள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாமல் நீங்கள் போனது அந்த ஒரு தடவைதான்.

பிறகு நான் இத்தா இருந்தேன். புருஷன் மவுத்தான பெண் வாசல் தாண்டக் கூடாத காலம். அந்த மாடியும் நானும் துரையும். சோற்றுத் தட்டு பாதிப் படியில் வந்து உட்காரும். நான் குனிந்து எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு பிடி துரைக்குப் போடுவேன். அது மோந்து பார்த்துவிட்டு மூலைக்குப் போய்விடும், அந்தச் சோறு தட்டிலேயே கீழே திரும்பும். புல் வேண்டும் என்று யாரிடம் சொல்ல? சொல்லத் தோன்றவும் இல்லை. சாயங்காலம் வரும், அஸர் முடியும், பாயைச் சுருட்டுவேன். பெட்டியில் சத்தம் இருக்காது. அது உங்களைத்தான் தேடுகிறது என்று நான் உறுதியாக நம்பினேன். உலகத்தில் அந்த நேரத்துக்கு உங்களைத் தேட என்னோடு இன்னொரு உயிரும் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம், கீ... கீ... என்று துரை கத்தியது.

அதே சத்தம். முன்கால் இரண்டும் பெட்டி ஓரத்தில், கண் படிக்கட்டில். என் கை தானாகப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தது. முகத்தைத் துடைத்தேன். முடியை ஒதுக்கினேன். எல்லாம் செய்தேன், மச்சான். புத்தி ஒரு பக்கம் நின்று வேண்டாம் வேண்டாம் என்கிறது, கை கேட்கவில்லை. அந்தச் சின்ன நேரம் முழுவதும் நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள்.

படியில் வெள்ளை முக்காடு தெரிந்தது. மச்சி. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். கையில் உங்கள் கூடை. கூடை நிறையப் புல்.

"பாடாங்குல வெட்டிப் போட்டிருந்தான். நானும் எத்தன நாளாப் பாக்கேன், நீ போட்ட சோறு அப்படியே திரும்பி வருது. வாயில்லாத சீவன இப்படியா பட்டினி போடுவ?"

நான் பெட்டியைப் பார்த்தேன், அவர்களைப் பார்த்தேன். பன்னி என்று படி ஏறாதவர்களா இது என்று நான் திகைத்தது மச்சிக்குப் புரிந்துவிட்டது. கூடையை இறக்கி வைத்து, துரைக்கு முன்னால் புல்லைத் தூவினார்கள்.

"பேரு என்ன பேரு. புல்லுதானே திங்குது" என்றார்கள். நீங்கள் அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொன்னார்கள். சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்துவிட்டது. இரண்டு பேரும் அந்தப் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அழுதோம். நடுவில் துரை கறுக் கறுக்கென்று தின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு துக்கமும் இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது கூப்பிட்டது கூடையைத்தான். நீங்கள் சொன்னது சரி, என்றைக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். பெருநாளிலும் வெள்ளத்திலும் அந்தக் கூடையை நீங்கள் விடாமல் சுமந்தது புல் கிறுக்கால் அல்ல. நான் தோற்கக் கூடாது என்பதற்காக. வெறுங்கையோடு நீங்கள் ஏறி வந்து, துரை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே நேரம் போயிருக்கும். அதைப் போகவிடாமல் ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னீர்களா?

மச்சி அன்றைக்கு இறங்கிப் போகவில்லை. துரை இருந்தவரை கூடையைத் தூக்கியது அவர்கள்தான். இத்தா முடிந்த பிறகும், புல் நல்ல புல்லாகப் பார்த்து எடுக்க உனக்குத் தெரியாது என்று என்னிடம் கொடுக்கவில்லை. துரையும் போய்விட்டது. இப்போது மச்சிக்கு முழங்கால் முடியவில்லை, ஏறிய படியில் இறங்க முடியாது என்று மாடியிலேயே என்னோடு இருக்கிறார்கள். கூடை ஆணியில் தொங்குகிறது. அண்ணன் ஊரிலிருந்து வரச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

காலிப் பெட்டி கத்தாது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அஸர் முடிந்து பாயைச் சுருட்டியதும் என் காது படிக்கட்டுக்குப் போய்விடும். எனக்குள்ளேயே அந்தச் சத்தம் எழும். துரை கூப்பிட்டது புல்லை. உங்களைக் கூப்பிட்டது அன்றும் நான்தான், இன்றும் நான்தான்.

இன்று புல் வாசனை வந்தது காலையில். சாயங்காலம் வரை எனக்குப் பொறுக்கவில்லை. களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு அடுப்பை மூட்டித் தேத்தண்ணி போட்டேன். கண்ணாடியைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டேன். கட்டிலில் படுத்திருந்த மச்சி தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"இப்பத்தானே குடிச்சோம். யாருக்குப் புள்ள இது?"

"உங்களுக்குத்தான்" என்றேன்.

தனக்கென்று நினைத்து, மச்சி கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.